மூணாவது ஓலைக்கு முன்ன

செலின் கண்ணு,

நீ கோயில்ல படிக்கற கல்யாண ஓலைய நிறுத்தச் சொன்ன. நான் நிறுத்தல. நேத்து ஞாயித்துக்கெழம நம்ம கோயில்ல ரெண்டாவது ஓலையும் படிச்சாச்சு. இத மொதல்லயே சொல்லிப்போடறேன், பாதிக் கடுதாசில தெரிஞ்சு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது பாரு. கோவம் வந்தா வரட்டும், கோவத்தோடயே படி. மன்னிச்சுக்கோ கண்ணுன்னு இதுல எங்கயும் எழுதப் போறதில்ல, தேடாத.

போன செவ்வாக்கெழம காப்பிப் பழம் பறிச்சிட்டு இருந்தேன். எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து ஆள் ஓடி வந்து, "ஏனுங்க, மெட்ராஸ்ல இருந்து உங்க புள்ள போன்ல இருக்குதுங்களாம், ரைட்டர் வரச் சொன்னாருங்க"ன்னான். இடுப்புல கட்டுன கூடையக்கூட அவுக்காம ஓடுனேன். கல்யாணப் பொடவைக்குக் கலரு சொல்லப் போறன்னு நெனச்சேன். நீ என்னடான்னா, "அம்மா, அடுத்த ஓலைய படிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிரு"ங்கற. வெளிநாட்டுல ஏதோ ஆஸ்பத்திரில நாய்க்கு அதோட செல்லுலயே நீர்ப்பை வளத்துத் தெச்சு வெச்சாங்களாம், அந்த நாய் தானா ஒண்ணுக்குப் போகுதாம், இன்னும் கொஞ்ச வருசத்துல மனுசங்களுக்கும் வந்துருமாம். "அது வரட்டும்மா. அத வெச்சுக்கிட்டு முழுசா அவங்க ஊட்டுக்குப் போறேன். இந்த ஒட்டுப்போட்ட வயித்தோட போவ மாட்டேன்"ன்ன. நான் "செரி, செரி"ன்னு போன வெச்சேன். அந்தச் செரிய நீ சம்மதம்னு எடுத்துக்கிட்டிருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. எதுத்தாப்புல கணக்கெழுதற ரைட்டர் பேனாவ மூடி வெச்சிட்டு, காதத் தீட்டிட்டு உக்காந்திருந்தாரு. என் புள்ள வயித்தப் பத்தி அவரு முன்னால நான் பேசோணுமா?

இந்தப் புத்திய உனக்கு ஓதுனது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத. மொத ஓலை படிச்ச மக்காநாளு, திங்கக்கெழம, மாப்ள சேவியரோட அத்தை ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புல உங்க மாமன் டீக்கடைக்கு வந்து டீ குடிச்சிட்டே, "புள்ளைக்கு உள்ள குடல வெச்சுத் தெச்சிருக்குதாமே, புதுசா என்னமோ வருதுங்கறாங்க, அத வெச்சிட்டு அப்பறமா கட்டிக்கலாமே"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கறா. உங்க மாமன் ஓடிப்போயி உனக்குப் போன் பண்ணிட்டாரு. எங்கண்ணன் நல்லவருதான், ஆனா யாரு கடைசியா பேசறாங்களோ அவங்க பேச்சத்தான் அவரும் பேசுவாரு. "அம்மிணி, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லிருக்கறாங்க. நீயும் உம்மகளும் ஒரு பொய்யிகூடச் சொல்லாம எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டீங்க. இனி அந்தப் புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கறதுதான் மருவாதி"ங்கறாரு. "ஏனுங்ணா, பஸ்ஸுக்கு டயரு மாத்தற வரைக்கும் செட்டுல நிறுத்தி வெக்கறாப்புல எம்புள்ளைய நிறுத்தி வெப்பீங்களா?"ன்னு கேட்டேன். அவரு கிளாஸக் கழுவப் போயிட்டாரு.

அவங்க சொன்னது எனக்கு வலிக்கல. ஊர் வாய மூட உலமூடி இல்ல. நீ 'முழுசா'ன்னு சொன்ன பாரு, அதுலதான் கண்ணு வயிறு எரியுது. அப்ப இத்தன வருசமா நான் வளத்தது என்ன, முக்காலா?

நீ பொறந்தப்போ தொப்புளுக்குக் கீழ தோலு மூடல. நீர்ப்பை திறந்துபோயி, அதோட உள்பக்கம் செவசெவன்னு வெளிய தெரிஞ்சுது. பிரசவம் பாத்த அக்கா உன்னைத் துணியில சுத்தி என் கையில குடுக்காம, பக்கத்துல போட்டுட்டு, "பாலு குடுக்காதீங்க, ஆண்டவரு எடுத்துக்குவாரு"ன்னாங்க. நான் எந்திரிச்சு உக்காந்து உன்னைத் தூக்கி மாருல போட்டேன். நீ புடிச்ச புடி இருக்குதே, அம்மாடி! எடுத்துக்கற ஆண்டவரு இப்பிடி ஒரு பசியக் குடுத்து அனுப்புவாரா? உங்கப்பா அன்னிக்கே எஸ்டேட் ஜீப்பக் கேட்டுக் கொண்டாந்தாரு. மலைய விட்டு எறங்கி, அங்கிருந்து இன்னொரு ஊரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க டாக்டரம்மா பையை உள்ள தள்ளி மூடித் தெச்சாங்க. "உசுருக்குப் பயமில்ல. ஆனா பை நொம்பச் சின்னது, மூத்திரம் நிக்காது, சொட்டிட்டே இருக்கும்"னாங்க. "சொட்டட்டுங்க, தொடச்சுக்கறேன்"னேன். அவ்வளவு லேசா சொன்னேன், தொடைக்கறதுன்னா என்னன்னு தெரியாம.

நம்மூரு மேகத்துல துணி காயாது. காஞ்ச துணி இல்லேன்னா உன் தொடை வெந்து போயிரும். அதனால வெயிலு எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் கயிறு கட்டுவேன். எஸ்டேட் லைன் ஊட்டுக்குப் பின்னாடி வெயிலே வராது, முன்னாடி ரோட்டுப் பக்கந்தான் வரும். ரோட்டப் பாத்து வரிசையா உன் துணிகதான் தொங்கும். பங்களாவுக்கு விருந்தாளிக காருல போறப்ப அசிங்கமா இருக்குதுன்னு சூப்பர்வைசர் சொல்லியனுப்புனாரு. "துவைச்ச துணிங்க, விருந்தாளிக வேணும்னா மோந்து பாத்துட்டுப் போவட்டும்"னேன். உங்கப்பா பயந்துட்டாரு, வேலை போயிரும்னு. போவல. அடுத்த வருசம் அந்தச் சூப்பர்வைசர் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆயி, மழையில துணி காயாம, என் கயித்துலதான் வந்து போட்டாங்க. நான் எடம் ஒதுக்கிக் குடுத்தேன்.

பள்ளிக்கூடத்துல உன்னைக் கதவோரமா தனியா உக்கார வெச்சாங்க, வாசம் வருதுன்னு. நீ ஊட்டுக்கு வந்து அத எங்கிட்ட சொல்லவே இல்ல. பக்கத்து ஊட்டுப் புள்ள சொல்லித்தான் தெரியும். மக்காநாளு வேலைக்குப் போவாம நானும் வந்து உன் பக்கத்துல கதவோரமா உக்காந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். டீச்சரு, "நீங்க எதுக்குங்க வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. "தனியா உக்காந்தா புள்ளைக்கு நல்லாருக்காதுங்க டீச்சர். நீங்க இன்னொரு புள்ளைய உக்கார வெக்கற வரைக்கும் நான் உக்காந்துக்கறேன்"னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே உனக்குப் பக்கத்துல ஆளு வந்துருச்சு. பெருக்கல் வாய்ப்பாடு எனக்கும் கொஞ்சம் ஞாபகம் வந்துருச்சு. நல்லதாப் போச்சு.

உனக்குப் பன்னெண்டு வயசானப்ப அந்த டாக்டரம்மா மறுக்கா ஒரு ஆபரேஷன் சொன்னாங்க. சிறுகுடல்ல ஒரு துண்டு எடுத்து, பிரிச்சு, பையில வெச்சு ஒட்டுப்போட்டுப் பெருசாக்கறது. "குடல எடுத்தா சோறு எங்க போவுங்க?"ன்னு நான் கேட்டேன். அவங்க சிரிக்கல. எக்ஸ்ரே கவருக்குப் பின்னால படம் போட்டுக் காட்டி, மிச்சக் குடலே போதும்னு புரிய வெச்சாங்க. அதுக்கப்பறம் தானா ஒண்ணுக்கு வராது, மெல்லிசா ஒரு டியூப விட்டு நீயே எடுத்துக்கோணும், காலம் பூரா, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கான்னாங்க. உங்கப்பா தலையில கைய வெச்சுட்டாரு. நீ கட்டில்ல இருந்து, "அப்ப சொட்டாதுங்களா?"ன்னு கேட்ட. "சொட்டாது"ன்னாங்க. "அப்ப செய்யுங்க"ன்ன. உன் வயித்துக்கு நீ குடுத்த உத்தரவு அது. நர்ஸம்மா கண்ணாடியப் புடிச்சுச் சொல்லிக் குடுக்க, நீ உதட்டக் கடிச்சிட்டே கத்துக்கிட்ட. திரும்பி வர்றப்ப மலை பஸ்ஸுல, அத்தன கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒண்டிக்கடைல எறங்குனதும் பாவாடையத் தொட்டுப் பாத்துட்டு, "அம்மா, காஞ்சிருக்கு!"ன்னு கத்துன. பஸ்ஸே திரும்பிப் பாத்துது. அன்னிக்கு நீ முக்காலா இருந்தியா? சொல்லு பாப்போம்.

ஆனா குடலு குடலுதான். பையில கொண்டுபோயி வெச்சாலும் அது தன் கொணத்த விடாது. சளி விடும், டியூபு அடைக்கும், உப்புத்தண்ணி விட்டுக் கழுவோணும். மூத்திரத்துல போவ வேண்டிய உப்ப மறுக்கா உடம்புக்குள்ளயே உறிஞ்சும். ஒருக்கா கல்லு சேந்து நீ துடிச்ச துடி எனக்கு மறக்கல. அந்தக் கட்டில்ல படுத்துட்டுத்தான் கேட்ட: "ஏம்மா, நீர்ப்பையோட சதையிலயே கொஞ்சம் எடுத்து வளத்தா என்ன? எதுக்குக் குடல வெக்கறாங்க?" எனக்கென்ன தெரியும், காப்பிக்காரி. "யாருக்கும் அப்பிடிச் செய்யத் தெரியாது போல, நீ போயிச் செய்யி"ன்னேன். வலிக்கற புள்ளைய சமாதானம் பண்ணச் சொன்ன பேச்சு. நீ அத நெசமா எடுத்துக்கிட்டு சேலத்துல படிச்சு, மெட்ராஸ்ல போயி அந்த வேலையவே புடிச்சுட்ட. கெட்டிக்காரி நீ, உன் நாக்கத் தவிர எல்லாம் உங்கப்பா சைடு.

போன வருசம் உன் லேபுக்கு வந்தேனே. செருப்பக் கழட்டி, தலைக்கு ஒரு பையை மாட்டி உள்ள விட்டாங்க. சூடா ஒரு பெட்டி, அதுக்குள்ள மூடி போட்ட தட்டு, ரோஸ் கலருல தண்ணி. "இதுல என்னடி இருக்குது?"ன்னேன். "முயலோட நீர்ப்பைல இருந்து எடுத்த செல்லும்மா, கண்ணுக்குத் தெரியாது"ன்ன. அப்பறம் பை வடிவத்துல ஒரு வலை மாதிரி காட்டுன. "ஊடு கட்டறப்ப சாரம் கட்டுவாங்கல்ல, அது மாதிரி. இதுமேல செல்லு உக்காந்து வளரும். உள்பக்கம் பையோட தோலு, வெளிப்பக்கம் சதை. வளந்து முடியறப்ப சாரம் தானா கரைஞ்சு போயிரும். அவங்கவங்க செல்லுலயே செய்யறதால உடம்பும் வேணாம்னு தள்ளாது." "சாரம் பிரிக்கற கூலி மிச்சம்"னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்ச. அன்னிக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல சொன்னது யாரு? "பூஞ்சை புடிச்சு ரெண்டு மாச வேலை போச்சும்மா. முயலுக்கே இன்னும் ஒட்ட மாட்டேங்குது. மனுசங்களுக்கு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது"ன்னு. நீதான சொன்ன? இப்ப ஒரு நாய் ஒண்ணுக்குப் போச்சுன்னதும் கல்யாணத்தத் தள்ளி வெக்கச் சொல்ற. அத்தைக்கு மீசை மொளைக்கட்டும், அப்பறம் சித்தப்பான்னு கூப்பிட்டுக்கலாம். அதுவரைக்கும் அத்தைக்குச் சோறு போட மாட்டியா?

வேலைய உடுன்னு நான் சொல்லல. உட்டீன்னா நானே மெட்ராஸுக்கு வந்து ரெண்டு போடுவேன். பக்கத்து ஊரு செம்மநத்தத்துல ஒரு புள்ளைக்கு ஆடி மாசம் கொழந்த பொறந்துச்சு, உன்னாட்டமே, பை திறந்து. அந்த அம்மாகிட்டயும் யாரோ பாலு குடுக்காதன்னு சொல்லிருக்கறாங்க. நான் நடந்தே போனேன். உன் போட்டோவ, அந்தக் கோட்டு போட்டுட்டு மைக்ராஸ்கோப்புகிட்ட நிக்கற போட்டோவ, அவ கையில குடுத்தேன். "இது எம்மக. இப்பிடித்தான் பொறந்தா. மொதல்ல பாலு குடு"ன்னேன். இப்ப அந்தப் புள்ளைக்குத் தெச்சாச்சு, உருண்டு புரளுது. அதுக்குப் பன்னெண்டு வயசு ஆவறப்ப குடல வெட்டாம, அதோட செல்லுலயே ஒரு பை வேணும். அதுக்காக நீ செய்யி, ராப்பகலா செய்யி. உனக்கும் ஒரு நாளு அது கெடைச்சா சந்தோசமா வெச்சுக்க. ஆனா அது வர்ற வரைக்கும் வாழாம ஓரமா நிக்கறேன்னு சொன்னா, அந்தக் கதவோரத்துல போயி நீயே உக்காந்துக்கற மாதிரி. இப்ப நான் வந்து பக்கத்துல உக்கார மாட்டேன்.

செரி, ஓலைக்கு வர்றேன். சனிக்கெழம ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, நிறுத்தச் சொல்லி உங்கண்ணன் வந்தாரே"ன்னாரு. "ஓலை பொண்ணு பேருலதான ஃபாதர் படிக்கறீங்க, மாமன் பேருலயா? நிறுத்தோணும்னா அவ வந்து நிறுத்துவா. படிங்க"ன்னேன். நேத்துப் பூசையில உன் பேரையும் சேவியர் பேரையும் படிச்சாரு. ரெண்டாம் ஓலைன்னாரு. "இவங்க கல்யாணத்துக்குத் தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியாருகிட்ட சொல்லக் கடமைப்பட்டிருக்காங்க"ன்னு முடிக்கறாரு. எனக்கு முன்னால ரெண்டு பேரு குசுகுசுன்னு பேசுனாங்க. பின்னால யாரோ இருமுனாங்க. எனக்கு வந்துது பாரு, எந்திரிச்சு நின்னுட்டேன். மொத்தக் கோயிலும் என்னையே பாத்துது. பொண்ணப் பெத்தவளே எந்திரிச்சா?

ஃபாதர் கண்ணாடியக் கழட்டிட்டு, "என்னம்மா, தடை ஏதும் இருக்குதா?"ன்னாரு.

"இல்லீங்க ஃபாதர். இல்லேன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன்."

"தடை இருக்கறவங்கதாம்மா எந்திரிக்கோணும்."

"அப்பிடி யாராச்சும் எந்திரிக்கறாங்களான்னுதான் ஃபாதர் நானும் நின்னு பாக்கறேன்."

சுத்தியும் திரும்பிப் பாத்தேன். ஒருத்தரு எந்திரிக்கல. உங்க மாமன் ஜெபப் புஸ்தகத்துல மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டாரு. ஆம்பளைக பக்கத்துல மட்டும் ஒரு ஆளு எந்திரிச்சுது. உங்கப்பா. கோயில்ல முட்டி போடறதுக்கே யாராச்சும் பாக்கறாங்களான்னு பாத்துட்டுப் போடற மனுசன், சட்டைப் பொத்தானப் போட்டுட்டே நின்னாரு. ஃபாதர் எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, "செரி, உக்காருங்க, பூசைய முடிக்கோணும்"னாரு. அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, எனக்குத் தெரியும். உன் வயித்தப் பத்தி நான் அங்க மூச்சு விடல கண்ணு. அது உன்னுது. தடை இல்லேங்கறது மட்டும் என்னுது, அத நான் சொல்லுவேன்.

இன்னிக்குக் காலையில சேவியரோட அம்மா வந்தாங்க. சேலத்துல இருந்து பஸ்ஸு ஏறி, ஒண்டிக்கடைல இருந்து ஜீப்புல தொத்திட்டு, நம்ம கொட்டச்சேடு வரைக்கும் ஒத்தையில. எஸ்டேட் கேட்டுகிட்ட அவங்களப் பாத்தேன். நேத்து கோயில்ல நடந்த சேதி அதுக்குள்ள மலைய விட்டுக் கீழ எறங்கிருச்சு, கல்யாணம் வேணாம்னு சொல்ல வந்துட்டாங்கன்னே நெனச்சேன். திருப்பிக் குடுக்க நாலு வார்த்த வாயில தயாரா வெச்சிட்டு காப்பி போட்டேன். அவங்க காப்பியக் குடிச்சு முடிச்சிட்டு, மடியில இருந்து சுருட்டி வெச்ச நூலு ஒண்ணு எடுத்தாங்க. கொத்தனாரு வெச்சிருப்பாங்களே, அந்த நூலு.

"ஏனுங்க சம்மந்தியம்மா, புள்ளைக்கு ராத்திரியும் எந்திரிச்சுப் போவோணுமாமே. எங்கூட்டுல கக்கூஸு கொல்லையில இருக்குது. இருட்டுல அவ்வளவு தூரம் எதுக்குன்னு சேவியரு ஊட்டுக்குள்ளயே கட்டிட்டு இருக்கறானுங்க. செவுரு எந்திரிச்சிருச்சு. டியூபு டப்பா, உப்புத்தண்ணி போத்தலு வெக்க ஒரு பலகை அடிக்கோணுமாம். அது புள்ளையோட கைக்கு வாக்கா எத்தன உசரத்துல இருக்கோணும்னு கேட்டு, நூலுல முடிச்சுப் போட்டுட்டு வரச் சொன்னான். பூசிட்டா அப்பறம் ஒடைக்க முடியாதுங்களே."

வாயில வெச்சிருந்த நாலு வார்த்தையையும் முழுங்குனேன் கண்ணு. அழுதேன்னே வெச்சுக்க. அவங்க நாத்தனா, அந்த அத்தைக்காரி, டீக்கடைல பேசுனதப் பத்திக் கேட்டேன். "அவ கெடக்கறா. அவ ஊட்டுல பலகை அடிக்கலீங்களே"ன்னாங்க. உன் புது நீர்ப்பையப் பத்தியும் சொன்னேன், அது வர்ற வரைக்கும் நீ பொறுக்கலாம்னு சொல்றதையும் மறைக்கல. "வரட்டுங்க. வந்தா பலகையில சோப்பு டப்பா வெச்சுக்கறோம்"னாங்க.

அந்த உசரம் எனக்குத் தெரியும். உன் தோளுக்கு ஒரு சாண் கீழ. நம்ம ஊட்டுப் பலகைய அடிச்சவளே நான்தான? இருந்தாலும் நூலுல முடிச்சுப் போடல. "அவ ஊடுங்க, அவளே வந்து சொல்லுவா"ன்னு நூல அப்பிடியே சுருட்டிக் குடுத்து அனுப்பிட்டேன்.

வர்ற ஞாயிறு மூணாவது ஓலை. சனிக்கெழம சாயங்கால பஸ்ஸுக்கு ஒண்டிக்கடைல நிப்பேன். வேணாங்கறதுதான் முடிவுன்னா போன்ல சொல்லாத. கோயிலுக்கு வந்து, ஓலை படிக்கறப்ப எந்திரிச்சு, நான் முழுசு இல்ல, அதுதான் தடைன்னு உன் வாயால சொல்லு. நானும் பக்கத்துல நின்னு கேக்கறேன். உன்னால அப்பிடிச் சொல்ல முடியலேன்னா, அன்னிக்கு மத்தியான பஸ்ஸுக்கே உன்னைக் கூட்டிட்டு சேலத்துக்கு எறங்கறேன். கொத்தனாரு பூசாம நிக்கறாரு, போயி உசரத்தச் சொல்லு.

உன் அம்மா